வெயில்தான் காரணமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த ஏழு கேள்விகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாக இருக்கக் கண்டேன். வெப்பமண்டலத்தில் உயிர்களின் வகை ஏன் இவ்வளவு பெருகிக் கிடக்கிறது, குளிர்நாடுகளில் அது ஏன் சுருங்கிவிடுகிறது என்பதே அந்த வேர். ஆகவே இந்த இதழில் வேறு பொருளுக்குப் போகாமல் அவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். முதல் விடை சற்று நீளமானது. மற்றவை அதைச் சார்ந்து நிற்பதால் வாசகர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். வெப்பமண்டலத்தில் வெப்பம் அதிகம், ஆகவே சிற்றினங்களும் அதிகம் என்று சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அமேசானைவிட நம் வேலூரில்தானே வெயில் அதிகம், இங்கே ஏன் அத்தனை வகை இல்லை?" என்று கேட்டாள். நிறைவான பதில் என்னிடம் இல்லை. – ஆசிரியை, குடியாத்தம்.

பதில்: அந்த மாணவிக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடத்துக்கு அவள் ஒரே கேள்வியில் வந்துவிட்டாள்.

ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1799 முதல் 1804 வரை தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அலைந்து திரும்பிய பின், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க உயிர்களின் வகை கூடுகிறது என்பதை எழுதி வைத்தார். குளிர்காலத்து உறைபனியைப் பெரும்பாலான செடிகள் தாங்க முடியாமல் போவதை அதற்குக் காரணமாகவும் காட்டினார். அவர் கண்டது உண்மை. பின்லாந்து நாடு தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்கு பரப்புடையது; அங்கே இயற்கையாக வளரும் மர வகைகள் ஏறத்தாழ முப்பதுதான். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் லம்பீர் மலைக்காட்டில் 52 ஹெக்டேர், அதாவது சுமார் 128 ஏக்கர் நிலத்தை அளந்து, விரல் பருமனுள்ள கன்று முதல் ஒவ்வொன்றுக்கும் எண் கட்டிக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,200 வகை மரங்கள் கிடைத்தன.

இதே முறையில் உலகின் பல காடுகளில் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 300 வகைகள் உள்ளன. நம் முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் அமைத்த 50 ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 70 வகைகள் உள்ளன. சீனாவின் வடகிழக்கில், குளிர்காலம் முழுவதும் பனி மூடிக்கிடக்கும் சாங்பாய்ஷான் மலையில் 25 ஹெக்டேரில் 52 வகைகள் உள்ளன. முதுமலை வெப்பமண்டலக் காடுதான். ஆயினும் அதன் எண்ணிக்கை லம்பீரை விட்டு வெகுதூரம் விலகி, சாங்பாய்ஷானுக்கு அருகில் நிற்கிறது. உங்கள் மாணவியின் ஐயம் இந்த நான்கு எண்களிலேயே இருக்கிறது.

முதுமலையில் குறைவது தண்ணீர். வேலூரில் மே மாதத்து நண்பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழக்கம். அமேசான் காட்டின் நடுவிலுள்ள மனாஸ் நகரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 முதல் 34 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. நமக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், அதுவும் தை பிறந்தால் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. அந்த மாதங்களில் உசிலையும் சீத்தாவும் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதை நாம் பார்க்கிறோம். இலைத்துளையைத் திறந்தால்தான் மரத்துக்கு உணவு. திறந்தால் நீர் போய்விடும். ஆகவே அவை மூடிக்கொண்டு காத்திருக்கின்றன. குளிர்நாட்டு மரத்துக்குப் பனிக்காலம் எப்படியோ அப்படியே நம் மரத்துக்கு இந்தக் கோடை. வடக்கே உயிர்களை நெருக்குவது வெப்பத் தட்டுப்பாடு, நம் பகுதியில் நெருக்குவது தண்ணீர்த் தட்டுப்பாடு. இரண்டும் ஒருங்கே தாராளமாகக் கிடைக்கும் இடத்தில்தான் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனமும் ஆப்பிரிக்காவின் சகாராவும் வெயிலில் யாருக்கும் குறைந்தவை அல்ல.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. வெயிலும் நீரும் சேர்ந்தால் உயிர்ப்பொருள் பெருகும். வகை பெருகியாக வேண்டும் என்பதில்லை. பாலாற்றங்கரையில் கிணற்றுப் பாசனத்தில் நிற்கும் கரும்புத் தோட்டத்தைப் பாருங்கள்: ஏக்கருக்கு எத்தனை டன் விளைகிறது, ஆனால் அது ஒரே சிற்றினம். மனிதன் நட்டது என்பீர்கள். நடாத காடு வேண்டுமானால் பிச்சாவரம் இருக்கிறது. வெயிலுக்கும் நீருக்கும் பஞ்சமில்லாத அந்த அலையாத்திக் காட்டில் உண்மையான அலையாத்தி மர வகைகள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை, ஏனெனில் உப்புச் சேற்றில் நிற்கும் திறமையைப் பெற்ற மர வம்சங்கள் மிகச் சில. எவ்வளவு உயிர் தங்கலாம் என்பதை வெயிலும் மழையும் முடிவு செய்கின்றன. அந்த அளவு எத்தனை வகைகளாகப் பிரியும் என்பதைக் காலமும், உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் நெருக்கடியும் முடிவு செய்கின்றன. பாடநூல்கள் முன்பாதியைச் சொல்லிவிட்டுப் பின்பாதியை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பரப்பளவும் ஒரு காரணம் என்பதை வகுப்பில் சொல்லத் தவறாதீர்கள். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட பகுதி பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதுவும் நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஒட்டிக் கிடப்பதால் ஒரே தன்மையுள்ள பெரிய நிலமாக அமைகிறது. வட, தென் மிதவெப்ப மண்டலங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படம் வடநாடுகளை ஊதிக் காட்டுவதால் இது மாணவர் கண்ணுக்குப் படுவதில்லை. கிரீன்லாந்தைப்போல் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது என்று சொன்னால் வியப்பார்கள்.

கேள்வி: பனியுகம் வடநாட்டு உயிர்களை அழித்தது என்று படித்தேன். அது முடிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னுமா அந்த நிலங்கள் நிரம்பவில்லை? – கல்லூரி மாணவர், ஆற்காடு.

பதில்: பத்தாயிரம் ஆண்டு என்பது நமக்கு நெடுங்காலம்; புதிய மர வகை ஒன்று கிளைத்து நிலைபெற அது போதாது. மேலும் பனி ஒரே ஒரு முறை வந்து போனதன்று. கடந்த 26 இலட்சம் ஆண்டுகளில் அது பலமுறை முன்னேறிப் பின்வாங்கியிருக்கிறது. கடைசியாக ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தபோது கனடாவின் பெரும்பகுதியும் ஸ்காண்டிநேவியாவும் மூன்று கிலோமீட்டர் அளவுக்குத் தடித்த பனிக்கட்டியின் அடியில் கிடந்தன. இன்று பின்லாந்தில் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் முன்னோரும் அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்து குடியேறியவை.

ஐரோப்பாவுக்கு இன்னொரு கேடும் நேர்ந்தது. குளிர் வடக்கிலிருந்து இறங்கும்போது மரங்கள் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே விதை பரப்பித் தப்ப வேண்டும். ஆனால் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் கிழக்கு மேற்காகக் கிடந்து வழியை மறித்தன, அதற்கும் தெற்கே கடல். முன்பு ஐரோப்பாவில் இருந்த மக்னோலியா போன்ற மரங்கள் அங்கே அற்றுப்போய், தப்ப வழியிருந்த கிழக்காசியாவிலும் வட அமெரிக்காவிலும் மட்டும் எஞ்சின. குளிரின் அளவு ஒத்திருந்தும் இன்று கிழக்காசியக் காடுகளில் ஐரோப்பாவைவிட மர வகைகள் பல மடங்கு மிகுந்திருப்பதற்கு இதுவும் காரணம். வெப்பமண்டலம் அந்த நாட்களில் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மழை குறைந்து காடுகள் பல இடங்களில் சுருங்கத்தான் செய்தன. ஆனால் துடைத்தெடுக்கப்படவில்லை. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1878-இலேயே இதைச் சொன்னார்: வெப்பமண்டலத்தில் பரிணாமத்துக்கு இடையூறில்லாத வாய்ப்புக் கிடைத்தது, குளிர்மண்டலத்திலோ அது திரும்பத் திரும்பத் தடைப்பட்டது.

காலத்தின் வலிமையை வெப்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஓர் அருமையான இடம் இருக்கிறது. அது சைபீரியாவின் பைக்கால் ஏரி. ஆண்டில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும் அந்த ஏரிக்கு வயது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்கினங்கள் வாழ்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. வட அமெரிக்காவின் பேரேரிகளும் பரப்பில் பெரியவை, குளிரில் ஒத்தவை. ஆனால் பனிப்பாறை உருகிய பின் உருவானவையாதலால் அவற்றுக்கே உரிய சிற்றினங்கள் மிகக் குறைவு. குளிர்ந்த நீருக்கும் காலம் கிடைத்தால் வகை பெருகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

எதிர்ப்பக்கத்துச் சான்று நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, முதல் மழைக்கு மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை 2003-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவினர் இருப்பது இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில். அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த, ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்து வம்சம் அது. புதியவை தோன்றுவதால் மட்டுமல்லாமல், பழையவை அழியாமல் தங்குவதாலும் வெப்பமண்டலம் நிறைகிறது. தங்குவதையே நான் முதன்மையாக எண்ணுகிறேன். ஏனெனில் கடல் மீன்களின் வம்சாவளியை ஆராய்ந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, புதிய சிற்றினங்கள் மிக விரைவாகக் கிளைப்பது வெப்பக் கடல்களில் அன்று, துருவத்துக் குளிர்கடல்களில் என்று காட்டியது. விரைவாகப் பிறந்தும் அங்கே எண்ணிக்கை குறைவாகவே இருக்கிறது என்றால், வேகத்தால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது என்பது தெளிவு.

கேள்வி: ஏலகிரி ஏறினால் காற்றே மாறிவிடுகிறது. உயிரினங்களுக்கு மலை ஒரு தடையா? குளிர்நாட்டு மலைகளுக்கும் இது பொருந்துமா? – வாசகர், திருப்பத்தூர்.

பதில்: இந்தக் கேள்வியை அமெரிக்க உயிரியலாளர் டேனியல் ஜான்சன் 1967-இல் எழுப்பி, வெப்பமண்டலத்து மலைக் கணவாய்கள் அங்கு வாழும் உயிர்களுக்கு இன்னும் உயரமானவை என்று விடை சொன்னார். உயரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு உயிர்களின் பழக்கத்தில் இருக்கிறது. மாஸ்கோ நகரில் ஜனவரியின் சராசரி வெப்பத்துக்கும் ஜூலையின் சராசரிக்கும் இடையே 25 டிகிரிக்கும் மேல் வேறுபாடு உண்டு. அத்தகைய நாட்டில் மலையடிவாரத்தில் வாழும் பூச்சி, மலை உச்சியின் குளிரை ஆண்டுக்கொரு முறை தன் இருப்பிடத்திலேயே அனுபவித்துவிடுவதால், மலை அதற்குப் புதிதன்று. அமேசானில் மாதத்துக்கு மாதம் இரண்டு மூன்று டிகிரிதான் மாறுகிறது. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறைந்துவிடும். அந்தக் குளிரைத் தன் முன்னோரும் அறியாத தவளைக்கு அந்த மலை ஒரு கோட்டைச் சுவர். இரு பக்கமும் பிரிந்த கூட்டங்கள் பல்லாயிரம் தலைமுறைகள் கலக்காமல் இருந்தால் இரண்டு சிற்றினங்களாகிவிடுகின்றன.

இதே தடை தலைகீழாகவும் வேலை செய்யும். மேற்குத்தொடர்ச்சி மலையின் குளிர்ந்த சோலைக் காடுகளில் வாழும் நீல நிறச் சிறு பறவை ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சிற்றினமாகவும் தெற்கே வேறொரு சிற்றினமாகவும் இருக்கிறது. இங்கே பிரிப்பது மலையன்று, இடையிலுள்ள சூடான பள்ளம். வேலூர், திருப்பத்தூர்ப் பகுதியில் ஆண்டின் வெப்ப வேறுபாடு ஏறத்தாழ 10 டிகிரி. ஏலகிரியின் ஏற்றமோ நான்கைந்து டிகிரிதான் குறைக்கிறது. ஆகவே நம் குன்றுகள் தடையாவது குறைவு.

கேள்வி: தாய்மரத்தின் அடியில் கன்று தேறாது என்று எங்கள் மலையில் பெரியவர்கள் சொல்வார்கள். விதை நிறைய முளைக்கிறது, ஆனால் அடுத்த ஆண்டு பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை. நிழல்தான் காரணமா? – விவசாயி, ஜமுனாமரத்தூர்.

பதில்: நிழலும் வேர்ப் போட்டியும் காரணந்தான் ஐயா. ஆனால் உங்கள் பெரியவர்களின் சொல்லுக்குள் அவற்றைவிட ஆழமான செய்தி இருக்கிறது. முன் விடையில் சொன்ன ஜான்சன் 1970-இலும், ஆஸ்திரேலியக் காடுகளில் உழைத்த ஜோசஃப் கானல் 1971-இலும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அதை மட்டுமே தின்னும் பூச்சிகளும், அதை மட்டுமே தாக்கும் பூஞ்சணங்களும் உண்டு. தாய்மரம் நிற்கும் இடத்தில் அவை ஏற்கெனவே குடியிருக்கின்றன. அதன் அடியில் விழும் விதையும் முளைக்கும் கன்றும் அவற்றுக்கு இரையாகின்றன. பறவையோ வௌவாலோ தூரத்தில் கொண்டுபோய்ப் போட்ட விதையே தப்புகிறது. தாய்மரத்தடியில் காலியாகும் இடத்தில் என்ன வளரும்? அந்தப் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகாத வேறு வகை மரத்தின் கன்று வளரும். எந்த மரமும் காட்டைத் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாதபடி அதன் பகைகளே பார்த்துக்கொள்கின்றன.

கடும் பனிக்காலம் உள்ள நாடுகளில் ஆண்டுதோறும் குளிர் இந்தப் பகைகளில் பெரும்பங்கைக் கொன்றுவிடுகிறது. ஆண்டு முழுதும் சூடும் ஈரமும் உள்ள காட்டில் அவற்றுக்கு ஓய்வே இல்லை. பெலீஸ் நாட்டுக் காட்டில் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், சில பாத்திகளில் பூஞ்சணக்கொல்லி தெளித்துவிட்டு முளைத்த கன்றுகளை எண்ணினார்கள். பூஞ்சணம் அடங்கிய பாத்திகளில் கன்றுகளின் வகை குறைந்துபோயிற்று. பெருகி வளரும் வகையை அடக்கிவைத்திருந்த கை அகன்றதும் அது மற்றவற்றை நெருக்கிவிட்டது.

விவசாயியாகிய உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் சான்று ரப்பரில் இருக்கிறது. அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில், வேறு மரங்களுக்கிடையே சிதறி நிற்கும். அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் காட்டை அழித்து ரப்பரை வரிசை வரிசையாக நெருக்கி நட்டார். அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூஞ்சணம் மரத்திலிருந்து மரத்துக்குத் தாவித் தோட்டத்தைச் சூறையாடியது. 1945-இல் அந்த நிலம் பிரேசில் அரசிடம் திரும்பியது. அதே ரப்பர் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மலேசியாவிலும் நெருக்கமாக நின்று செழிக்கிறது, ஏனெனில் 1876-இல் விதைகள் கடல் கடந்தபோது அந்தப் பூஞ்சணம் உடன் வரவில்லை. தாயகத்தில் சிதறி நிற்பதுதான் அந்த மரத்தின் தற்காப்பு என்பதை இந்தத் தோல்வியும் வெற்றியும் சேர்ந்து காட்டுகின்றன. ஜவ்வாது மலைக்காடு ஈரக்காடு அன்று என்பதால் இந்த விளைவு உங்கள் பக்கம் அந்த வலிமையுடன் இராது. ஆனாலும் உங்கள் பெரியவர்கள் கண்ணால் கண்டதையே சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்கிறார்களே, அத்தியில் மட்டும் ஏன் இத்தனை பூச்சி? உங்கள் பகுதியில் கேட்கத் தகுந்த கேள்விதானா என்று தெரியவில்லை. – குடும்பத் தலைவி, இராணிப்பேட்டை.

பதில்: மிகவும் தகுந்த கேள்வி அம்மா, மேலே பகையைப் பற்றி எழுதினேன், இது நட்பைப் பற்றியது. அத்திக்குள் இருப்பவை புழு அல்ல, சிறு குளவிகள். நாம் அத்திக்காய் என்று சொல்வது உண்மையில் உள்நோக்கிச் சுருண்ட ஒரு பூக்கொத்து. பெண்குளவி அதன் நுனியிலுள்ள துளை வழியே நுழையும்போதே பெரும்பாலும் இறகை இழந்துவிடுகிறது. உள்ளே சில பூக்களுக்கு மகரந்தம் தந்து, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. அதன் மக்களில் இறகில்லாத ஆண்கள் முதலில் வெளிவந்து, பெண்களோடு கூடி, காயின் சுவரில் வழி குடைந்து கொடுக்கின்றன. அந்த வழியே மகரந்தத்தைச் சுமந்து பறக்கும் பெண்குளவிக்கு வாழ்நாள் ஓரிரு நாள்தான். அதற்குள் அதே வகை மரத்தில் பக்குவமான இன்னொரு காயைக் கண்டுபிடித்தாக வேண்டும். அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறொரு குளவி, அரசுக்கு மற்றொரு குளவி. மரத்தின் வம்சம் இரண்டாகப் பிரியும்போது குளவியும் பெரும்பாலும் பிரிந்துவிடுகிறது.

இப்போது பனிக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டின் எல்லா மாதங்களிலும் எங்கோ ஒரு மரம் காய்த்துக்கொண்டிருந்தால்தான் ஓரிரு நாள் வாழும் குளவியின் சங்கிலி அறுபடாமல் இருக்கும். ஐந்து மாதம் உறைந்து கிடக்கும் நாட்டில் அது முடியாது. உலகில் 750-க்கும் மேற்பட்ட அத்தி இன மரங்கள் உள்ளன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெப்பமண்டலத்துக்கு உரியவை. பருவம் மாறினாலும் பசி தீர வழியிருக்கும் நாட்டில்தான் இத்தனை நுணுக்கமான உறவுகள் பிழைக்கின்றன. எல்லாக் காடுகளும் வறண்டு நிற்கும் மாதத்தில் ஆலும் அத்தியும் பழுத்துப் பறவைகளையும் வௌவால்களையும் அணில்களையும் காப்பாற்றுவதும் இந்த உறவின் பயனே. சாலை அகலப்படுத்தும்போது முதலில் விழுபவை ஓரத்து ஆலமரங்களாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் துயரம் நிழல் போவதற்காக மட்டுமன்று.

கேள்வி: எந்த உயிரானாலும் வெப்பமண்டலத்தில்தான் வகை அதிகமா? விதிவிலக்கே இல்லையா? – வாசகர், அணைக்கட்டு.

பதில்: உண்டு. பென்குயின், சீல் போன்றவை குளிர்கடலுக்கு உரியவை. தவளைக்கு உறவான, வாலுள்ள சாலமாண்டர்கள் வட அமெரிக்க மலைகளில் மலிந்திருக்க, இந்தியா முழுவதற்கும் கிழக்கு இமயமலை, வடகிழக்குப் பகுதிகளில் மட்டுமே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் தென்முனையில், 34-ஆம் அட்சக்கோட்டை ஒட்டி, தமிழ்நாட்டைவிடச் சிறிய கேப் பகுதியில் ஏறத்தாழ 9,000 வகைப் பூச்செடிகள் உள்ளன. தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 5,600.

எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. நம் வட ஆற்காட்டில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் தளிரில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் அசுவினியின் சுற்றம் ஏறத்தாழ 5,000 சிற்றினங்களைக் கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை மிதவெப்ப நாடுகளில் வாழ்கின்றன. காரணத்தை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான அசுவினி வகைகள் ஒன்றிரண்டு செடிகளை மட்டுமே உண்ணும். காற்றில் மிதந்துபோய் இறங்கிய இடத்தில் தன் செடி கிடைக்காவிட்டால் விரைவில் இறந்துவிடும். ஒரே செடி பரவலாக வளரும் குளிர்நாட்டில் அது தன் செடியின்மேல் விழ நல்ல வாய்ப்பு உண்டு. ஓர் ஏக்கரில் நூறு வகை மரம் சிதறி நிற்கும் மழைக்காட்டில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே செடிகளின் வகை பெருகியதே அசுவினியின் வகை குறையக் காரணமாகிவிட்டது. வேர்க்கடலையை மட்டுமே ஏக்கர் கணக்கில் விதைத்து நாம் அதற்குக் குளிர்நாட்டு வசதியைச் செய்துகொடுத்துவிட்டோம்.

கேள்வி: இவற்றை மாணவர்களுக்கு நேரில் காட்ட வேலூர்ப் பக்கத்தில் இடம் உண்டா? – முதல் கேள்வியைக் கேட்ட ஆசிரியையே, குடியாத்தம்.

பதில்: அமிர்திக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜவ்வாது மலையின் அடிவாரம் அது; வனத்துறையிடம் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். சித்திரையில் போகாதீர்கள், பாதி மரங்கள் இலையின்றி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் போனால் இலைகளைக் கொண்டு இனம் பிரிக்கலாம். கையில் நூறடி அளவு நாடாவும் நைலான் கயிறும் பழைய செய்தித்தாளும் போதும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலமுள்ள சதுரம் ஒன்றைக் கயிற்றால் அடைத்து, அதற்குள் இருக்கும் மர வகைகளை எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. வெவ்வேறு இலையாக இருந்தால் வெவ்வேறு வகை, கீழே விழுந்து கிடக்கும் இலைகளிலிருந்து ஒன்றைத் தாளுக்குள் வைத்து எண் போட்டால் போதும். அடுத்த சதுரத்தில் புதிதாகக் கிடைத்தவற்றை மட்டும் கூட்டுங்கள். பத்துச் சதுரங்கள் வறண்ட சரிவிலும், பத்துச் சதுரங்கள் நாவலும் நீர்மருதும் புங்கமும் நிற்கும் ஓடைக்கரையிலும் எடுத்து, சதுரங்களின் எண்ணிக்கைக்கு எதிரே வகைகளின் கூட்டுத்தொகையை வரைபடத் தாளில் குறியுங்கள்.

கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பின் மெல்லப் படுக்கும். பின்லாந்தில் எடுத்தால் அது நாலைந்து சதுரங்களிலேயே படுத்துவிடும். லம்பீரில் நூறு சதுரங்களுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். நாடாவின் ஒரு முனையை அந்த மாணவியிடம் கொடுங்கள். அமிர்தியின் இரண்டு கோடுகளும் எந்தச் சதுரத்தில் படுக்கத் தொடங்கின, இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அவளே எனக்கு எழுதட்டும். அடுத்த இதழ்களில் ஒன்றில் அந்த வரைபடத்தை வெளியிடுகிறேன்.